கடைசி நாளுக்குப் பிறகு ஓர் அரை நாள்

ஹோலுப் கிராசிங் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒன்பது டீச்சர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பெயர் துடைப்பச் சங்கம். வருஷத்துக்கு ஒரே கூட்டம், ஜூன் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு, நெடுஞ்சாலை ஓரத்து பேக்கரியில். சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. விதி ஒன்றே ஒன்று. யாருடைய புருஷன் போய்ச் சேருகிறானோ அவள், அவன் பேரில் அரசாங்கத்திலிருந்து வரும் முதல் காசோலையில் மற்ற எட்டுப் பேருக்கும் கொலாச்சி, அதாவது நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட இனிப்பு பன், வாங்கித் தர வேண்டும்.

விதியைப் போட்டவள் வில்மா யானாக். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். "அழுதுகிட்டே வாங்கிக் குடுத்தாலும் சரி, சிரிச்சுகிட்டே வாங்கிக் குடுத்தாலும் சரி. பிளம் வச்ச கொலாச்சி தீர்றதுக்குள்ள வந்து சேரணும், அவ்வளவுதான்" என்பாள். அதுவரை இரண்டு பேர் வாங்கித் தந்திருந்தார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி சிரித்தாள்.

2009 பிப்ரவரியில் எர்லீன் கோவாரின் புருஷன் ஆல்வின் இறந்துபோனான். அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது வில்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்த சாசேஜைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள், நோயாளிக்கு வெட்டிக் கொடுப்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தி, அவசரமில்லை, ஆனால் அடுத்த மாதத்துக்குள் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போய்விட வேண்டும், தானே காரில் கூட்டிப்போகிறேன் என்றாள். எர்லீன் தலையை ஆட்டினாள். அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது ஆல்வினை அல்ல. வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், மூன்றாவது கோப்பில் இருக்கும் ஒரு பழுப்பு உறையை.

விஷயம் இதுதான். டெக்ஸஸில் பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் டீச்சர்களின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கு, அதாவது மத்திய அரசின் பென்ஷனுக்கு, பிடிப்பதில்லை. அவர்களுக்கு மாநிலத்தின் ஆசிரியர் பென்ஷன் தனி. மற்ற வேலை பார்க்கிறவன் செத்தால் அவன் கட்டி வைத்ததில் அவன் மனைவிக்குப் பங்கு உண்டு. டீச்சராக இருந்த மனைவிக்கு மட்டும், அவளுடைய பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பங்கிலிருந்து கழித்துவிட்டு மீதி இருந்தால் கொடுப்பார்கள். மீதி இருக்காது. ஆல்வின் பதினாறு வயதிலிருந்து வெல்டர். குழாய்ப் பாதைகளில், சுத்திகரிப்பு ஆலைகளில், நாற்பத்தாறு வருஷம் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்தார்கள். "நான் கட்டினது எனக்குப் பின்னால உனக்கு வரலேன்னா, நான் யாருக்கு, டீச்சர், வெல்டிங் அடிச்சேன்?" என்று கேட்பான். பெண்டாட்டியை அவன் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான், கோபத்திலும் அதே பெயர்தான்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு டீச்சரின் கடைசி வேலை நாள் சோஷியல் செக்யூரிட்டியும் பிடிக்கிற பள்ளிக்கூடத்தில் அமைந்துவிட்டால் கழிவு கிடையாது. முப்பது வருஷம் எங்கே வேலை பார்த்தாள் என்று யாரும் கேட்பதில்லை. கடைசி நாள் எங்கே என்பதுதான் கேள்வி. அப்படி இரண்டையும் பிடிக்கிற பள்ளிக்கூடங்கள் சில இருந்தன. மாநிலம் முழுவதிலிருந்தும் டீச்சர்கள் வண்டி கட்டிக்கொண்டு அங்கே போய் ஒரே ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு வந்தார்கள். டீச்சர் வேலை அல்ல. கூட்டுகிற வேலை, சமையல்கட்டில் தட்டுக் கழுவுகிற வேலை. 2004 ஜூன் முப்பதோடு அந்த ஓட்டையை அடைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஹோலுப் கிராசிங்கில் ஒன்பது பேர் தேறினார்கள். எர்லீனுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது, மூன்றாம் வகுப்பில் முப்பத்தோரு வருஷம். இன்னும் மூன்று வருஷம் வேலை பார்க்க ஆசை இருந்தது. ஆனால் ஆல்வினின் நுரையீரல் அப்போதே கெட்டுவிட்டது. யார் முதலில் போவார்கள் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வருஷமே ஓய்வு எழுதிக் கொடுத்தாள்.

ஜூன் பத்தாம் தேதி வியாழக்கிழமை. தேவாலய வேனில் விடிவதற்கு முன்பே கிளம்பி நாலு மணி நேரம் தெற்கே போனார்கள். எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்து வாசலில் வெவ்வேறு ஊர் வேன்கள் ஏற்கனவே நின்றன. ரொஹெலியோ என்ற துப்புரவு மேற்பார்வையாளர் ஆளுக்கு ஒரு வாளியும் துடைப்பமும் கொடுத்தார். வில்மா முத்துமாலை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஆண் பிள்ளைகளின் கழிப்பறை. எர்லீனுக்குக் கிடைத்தது உணவுக்கூடத்து மேஜைகள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்ட வேண்டும்.

ரொஹெலியோ அவள் சுரண்டுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மிஸ் எர்லீன், எல்லாரும் ஒப்புக்குச் சுரண்டிட்டுப் போயிடறாங்க. நீங்க என்ன, பரீட்சை எழுதற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"இதை ஒட்டினதே என் மாதிரி ஒருத்தியோட வகுப்புப் பிள்ளைங்கதானே" என்றாள் எர்லீன்.

மாலை நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். திரும்பும் வழியில் வேனில் ஒரே பாட்டும் சிரிப்பும். துடைப்பச் சங்கம் அந்த வேனில்தான் பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் எர்லீன் அன்றைய தாள்களை உறையில் போட்டு, மேலே அச்சு எழுத்துபோன்ற தன் கையெழுத்தில் "கடைசி நாள்" என்று எழுதி, தேதியும் போட்டாள்.

பதினெட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் தலைமை ஆசிரியர் ட்ரைபிக் போன் செய்தார். கெட்ட மனுஷர் அல்ல. மூன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகங்கள் கணக்கில் உதைக்கின்றன, மாநிலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, அவளுடைய பதிவேட்டை அவளைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை, ஒரு அரை நாள் வந்து போக முடியுமா என்று கேட்டார். அவள் போனாள். முப்பத்தோரு வருஷம் கூப்பிட்டபோதெல்லாம் போனவள். அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்த நாலு புத்தகங்களைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, மற்றக் கட்டோடு சேர்த்து, பதினொன்றரைக்குள் முடித்துவிட்டாள். கிளம்பும்போது ட்ரைபிக், அவளைச் சும்மா வேலை வாங்க மாட்டேன் என்றார். வேண்டாம் என்று அவள் சொன்னாள். அது முறையில்லை மிஸஸ் கோவார் என்று அவர் சொன்னார்.

அது ஒரு நாள் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் என்றால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாள். ஊரில் எந்த டீச்சரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள். அதற்குப் பிறகு சுவரில் ஒட்டியதைக் கிழிப்பது, நாற்காலிகளை அடுக்குவது, புத்தகம் எண்ணுவது இதெல்லாம் ஒரு வாரம் நடக்கும். அந்த நாட்களை யாரும் நாள் என்று எண்ணுவதில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி காசோலை தபாலில் வந்தது. அரை நாளுக்கான சம்பளம், ஹோலுப் கிராசிங் பள்ளிக்கூடத்திலிருந்து. வேலை பார்த்த தேதி, ஜூன் இருபத்தெட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் நின்றாள். பிறகு போய் அந்தக் கோப்பை எடுத்து, தெற்கே போவதற்கு முன்பு ஓய்வு பெற்ற டீச்சர்கள் சங்கத்து ஆள் கொடுத்த விவரத் தாளைப் படித்தாள். ஆறாவது வரி: இந்த நாளுக்குப் பிறகு பழைய பள்ளியில் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால் கடைசி நாள் அதுவாகிவிடும்.

ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று முப்பத்தோரு வருஷம் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தாளை மடித்தாள். ஜூன் முப்பது தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. காசோலையை மாற்றினாள், ரசீதுத் துண்டை ஒரு பழுப்பு உறையில் போட்டாள். அந்த உறையின் மேல் எதுவும் எழுதவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. முதலில், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். பிறகு, கண்டுபிடித்தாலும் அரை நாள்தானே, ஒரு மனுஷி உட்கார்ந்து பார்த்தால் புரிந்துகொள்ளமாட்டாளா என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள். ஜூன் பத்தாம் தேதி வந்தால் பேக்கரிக்குப் போனாள். வில்மா தன் கழிப்பறைக் கதையைச் சொன்னாள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

2006 நவம்பரில் ஆல்வின் ஒரு நாள் சமையலறை மேஜையில் பீக்கன் கொட்டைகளை உடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தான். மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் மெஷின். அந்தக் குழாயின் நீளத்துக்குத்தான் அவன் வீட்டில் நடமாடினான். குளியலறை வரை எட்டும், வாசல் வரை எட்டாது. தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி சின்ன மெஷின் ஒன்று வந்திருக்கிறது, ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடலாம், ஆனால் அதற்கு மருத்துவக் காப்பீட்டில் காசு தரமாட்டேன் என்கிறார்கள் என்றான். தவணை முறையில் தருகிறார்களாம். அவனுடைய ஆயுள் காப்பீட்டுக்கு வருஷா வருஷம் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அதை நிறுத்திவிட்டால் இதற்குச் சரியாக இருக்கும்.

எர்லீன் ஓடுகளை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டின் பேரில் அவனுடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் இன்னும் பதினோரு வருஷத்துக்கு இருந்தது. அவள் பென்ஷன் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"டீச்சர்" என்றான். "அந்தத் துடைப்ப விஷயம் கெட்டியா இருக்குல்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. சும்மா கேட்கிறான், அடுப்பை அணைத்தாயா என்று கேட்பதுபோல. அவனுக்கு ஏரிக்கரைக்குப் போக வேண்டும். இரண்டரை வருஷமாக அந்தக் குழாயின் நீளத்துக்குள் இருக்கிறான்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றாள்.

"காகிதமெல்லாம்?"

"கோப்புல இருக்கு. என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் தெரியும். செத்தா என் சாவுக்கும் மார்க் போட்டுக் கோப்புல வைப்ப நீ." அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. "அப்ப நிறுத்திடறேன். வில்மாவுக்குக் கொலாச்சி என் கணக்குலதான், ஞாபகம் வச்சுக்க. கசகசா வச்சதா வாங்கிக் குடு, அவ பல்லுல ஒட்டட்டும்."

நிறுத்திவிட்டான். அந்தச் சின்ன மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு வசந்தமும் ஒரு இலையுதிர் காலமும் ஏரிக்கரையில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவாள். பலமுறை சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் என்ன செய்யமுடியும்? மெஷினைத் திருப்பிக் கொடுப்பான். அல்லது, அதைவிட மோசம், அவளைத் தேற்றுவான். மீன் அதிகமாக ஒன்றும் பிடிபடவில்லை.

ஆல்வின் இறந்த மறுமாதம், மார்ச் இரண்டாவது வாரத்தில், வில்மா அவளைப் பக்கத்து ஊர் ஆபீஸுக்கு அழைத்துப்போனாள். தானும் உள்ளே வருகிறேன் என்றவளை, கார் நிழலில் நிற்கட்டும், நீ இங்கேயே இரு என்று எர்லீன் நிறுத்திவிட்டாள். எண் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸ் வியாரெயால் என்ற நடுவயதுக்காரி. தூக்கம் கெட்ட கண், ஆனால் பேச்சில் கடுமை இல்லை. இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பென்ஷன் தாள் எல்லாவற்றையும் எர்லீன் வரிசையாக எடுத்து வைத்தாள். கடைசியாக, "கடைசி நாள்" என்று எழுதிய உறை. பழுப்பு உறை கைப்பையிலேயே இருந்தது.

மிஸ் வியாரெயால் தெற்கத்திப் பள்ளிக்கூடத்துத் தாளைப் பார்த்ததும் இலேசாகச் சிரித்தாள். "நீங்களும் துடைக்கப் போனவங்களா, மேம்?"

"சூயிங்கம் சுரண்டினேன்."

"எங்க அத்தை தட்டுக் கழுவினாங்க." அவள் படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டே போனாள். பிறகு பேனாவை நிறுத்தாமலே கேட்டாள். "இந்த ஜூன் பத்துக்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது வேலை பார்த்தீங்களா? ஒரு மணி நேரம்னாலும் சரி."

ஐந்து வருஷமாக இந்தக் கேள்விக்கான பதிலை எர்லீன் பழகி வைத்திருந்தாள். குளிக்கும்போது, மீன்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரி நடையில். இல்லை என்ற ஒரு சொல்தான். மிஸ் வியாரெயால் படிவத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அரை நாள்" என்றாள் எர்லீன்.

"எங்க?"

"எங்க பள்ளிக்கூடத்துலதான். புத்தகம் எண்ணக் கூப்பிட்டாங்க. பிள்ளைங்க யாரும் இல்ல."

"சம்பளம் குடுத்தாங்களா?"

எர்லீன் பழுப்பு உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் துண்டை வெளியே எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லாம இருந்தாலும் பழைய பள்ளிக்கூடத்துக்கு நான் கடிதம் எழுதித்தான் ஆகணும். அவங்க இந்தத் தேதியைத்தான் எழுதி அனுப்பியிருப்பாங்க" என்றாள் மிஸ் வியாரெயால். அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அப்படியானால் ஐந்து வருஷம் பழகியது எதற்கு, ஆல்வினிடம் சொல்லாமல் விட்டது எதற்கு என்று எர்லீன் நினைத்தாள். கேட்டது வேறு. "இப்ப மறுபடி ஒரு நாள் போய்த் துடைச்சா?"

"ஒரு நாள் கதையெல்லாம் அன்னைக்கே முடிஞ்சுது மேம். இப்ப அஞ்சு வருஷம் வேலை பார்க்கணும். அதுவும் நீங்க இன்னும் ரிடையர் ஆகாம இருந்திருந்தா." அவள் துண்டைத் திரும்பவும் பார்த்தாள். "இது இருபத்தெட்டாம் தேதி. இருபத்தொன்பது, முப்பது இரண்டு நாளும் பாக்கி இருந்திருக்கு. அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருந்தீங்கன்னா மறுநாளே திரும்பப் போயிருக்கலாம்."

"காசோலை ஜூலைலதான் வந்தது" என்றாள் எர்லீன்.

மிஸ் வியாரெயால் தலையை ஆட்டினாள். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறேன், முடிவு கடிதத்தில் வரும், அதன்மேல் முறையிட அறுபது நாள் உண்டு என்றாள். முறையிட்டு ஜெயித்தவர்கள் உண்டா என்று எர்லீன் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். தாள்களை வந்த வரிசையிலேயே திரும்ப அடுக்கிக்கொண்டாள்.

காரில் வில்மா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவுச் சத்தத்தில் விழித்தாள். "என்னடி, கெட்டியா?"

"கடிதம் போடுவாங்களாம்."

"எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் ஆறு வாரம். ஜூன் பத்துக்கு முன்னாடி வந்துடும் பாரு." வில்மா காரைக் கிளப்பினாள். வழி நெடுகிலும் ஆல்வினைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். கல்யாணத்தில் அவன் ஆடிய போல்காவில் தன் செருப்பு பிய்ந்ததைச் சொன்னாள். எர்லீன் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தாள்.

கடிதம் ஏப்ரல் கடைசியில் வந்தது. மூன்று பக்கம். ஆல்வின் கட்டியதற்கு அவளுக்குச் சேர வேண்டிய மாதத் தொகை முதல் பக்கத்தில் இருந்தது, சென்ட் வரைக்கும். அதன் கீழே கழிவு. அதன் கீழே, அவளுக்குத் தரப்படும் தொகை: பூஜ்யம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்தாள். பழுப்பு உறையில் அதையும் போட்டு, இந்தத் தடவை மேலே பெயரும் தேதியும் எழுதினாள்.

மே மாதம் வீட்டை விற்பனைக்குப் போட்டாள். புல் வெட்ட ஆள் இல்லை, இத்தனை பெரிய வீடு ஒருத்திக்கு எதற்கு, வங்கிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீடு போதும் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். எல்லோரும் சரிதான் என்றார்கள். தோளில் மாட்டும் மெஷினை, தவணை பாக்கி இருந்ததால், கம்பெனிக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போனான். வார் ஆல்வினின் சட்டைத் தோள்கள்மேல் உரசி உரசி வழுவழுப்பாகியிருந்தது. அந்த வாரையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பாகங்கள் பட்டியலில் இருக்கிறது மேம் என்றான் அவன்.

ஜூன் பத்தாம் தேதி ஏழே முக்காலுக்கே பேக்கரிக்குப் போய்விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் தட்டுத் தட்டாக வைத்திருந்தார்கள். பிளம், ஆப்ரிகாட், பாலாடைக்கட்டி. ஒரு டஜன் கேட்டாள். அதில் நாலு கசகசா வைத்ததாக இருக்கட்டும் என்றாள். கைப்பையைத் திறந்து, அந்த வாரத்து மளிகைக்காக எடுத்து வைத்திருந்த நோட்டுகளைக் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். நடுமேஜையில் பெட்டி இருந்தது. வில்மா வந்து எர்லீனின் தோளைப் பிடித்து ஒரு முறை இறுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"வந்தது."

"பார்த்தியா, நான்தான் சொன்னேனே, ஜூன் பத்துக்கு முன்னாடின்னு." வில்மா பெட்டியைத் திறந்தாள். கசகசா வைத்ததில் ஒன்றை எடுத்துக் கடித்தாள், மென்றாள், விரலால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இது ஆல்வின் வேலைதான். எனக்குத் தெரியும். பல்லுல ஒட்டட்டும்னு சொல்லிவச்சிருப்பான், கிராதகன்."

"ஆமாம்" என்றாள் எர்லீன். "அவன்தான் சொன்னான்."

"அப்ப ஆல்வின் கணக்குல" என்று வில்மா காப்பிக் கோப்பையைத் தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். எர்லீனும் தூக்கினாள். பிறகு வில்மா வழக்கம்போலக் கழிப்பறைக் கதையை ஆரம்பித்தாள். முத்துமாலை வாளிக்குள் விழுகிற இடம் வரும்வரை எர்லீன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள்.